பெயரா, பொருத்தமா?

நம் சங்க இசைக்குழுவின் கிட்டார் ஒலிபெருக்கி சென்ற மாதம் ஒத்திகையின் நடுவே ஊமையாயிற்று. வால்வு ஒன்று பழுதாம். உடனே பிறந்தது வாதம். "வாங்கினால் மல்லார்டு வாங்க வேண்டும், மற்றவையும் வால்வுகளா?" என்றார் நண்பர் ஒருவர். குழுவின் நிதியில் பாதியை அது விழுங்கிவிடுமே என்ற கவலை அவருக்கு இல்லை. பெயருக்கு மயங்கும் இப்பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மல்லார்டு ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் வால்வுகள் செய்து புகழீட்டிய நிறுவனம். அங்கு அத்தொழில் நின்று நெடுநாளாயிற்று. இன்று அப்பெயரைத் தாங்கிவரும் புதிய வால்வுகள் ரஷ்யாவின் சராத்தோவ் நகரத்து ஆலையில் பிறந்தவை. சோவ்டெக், டங்-சால் என்ற பெயர்களில் வருவனவும் அவ்வாலையின் பிள்ளைகளே. அவற்றினிடையே அமைப்பில் வேறுபாடு உண்டு. ஆனால் பழைய புகழ் புதிய கண்ணாடிக்குள் தானாகப் புகுந்துவிடாது.

பின் எதைப் பார்ப்பது? எண்ணைப் பாருங்கள்! எங்கள் சின்னக்கானல் தோட்டத்து லயத்தில் தாத்தாவின் வால்வு வானொலி பழுதானால், போடிமெட்டு இறங்கிப் போடிநாயக்கனூருக்குத்தான் கொண்டு போவார். அங்கே பழுது பார்ப்பவர் கேட்கும் முதற்கேள்வி, "நம்பர் என்ன?" என்பதே. பெங்களூரில் 1954இல் தொடங்கி, 1961 முதல் வானொலி வால்வுகளைச் செய்த பாரத் எலக்ட்ரானிக்ஸின் வால்வைப் போட்டுக் கொடுப்பார். வானொலி பாடும். தாத்தாவுக்கு அது போதும்.

அந்த எண் வால்வின் சாதகம். இ.எல். 84 என்பதில் 'இ' என்றால் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட், 'எல்' என்றால் ஒலியை வலுவாக்கி வெளியிடும் வால்வு, 8 என்றால் ஒன்பது கால். இ.எல். 34க்கோ எட்டுக் கால். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. உட்கார்ந்தும் ஒவ்வாதவையும் உண்டு. இ.சி.சி. 83இன் பெருக்கத்திறன் 100. அதே கால்களையுடைய இ.சி.சி. 82க்கு ஏறத்தாழ 20தான். அறியாமல் மாற்றிவிட்டு ஒலிபெருக்கியைக் குறை கூறுவானேன்?

சிறு வால்வுகளில் பழுதானதை மட்டும் மாற்றினால் போதும். வெளியீட்டு வால்வுகளை மட்டும் ஒத்த இணையாக மாற்ற வேண்டும். சில ஒலிபெருக்கிகளில் மின்னோட்டத்தையும் சரிசெய்ய வேண்டும். அதைத் தொழிலறிந்தவரிடம் விடுங்கள். மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். வீரம் காட்டுமிடம் அதுவன்று.

"அப்படியானால் பழைய பெங்களூர் வால்வையே தேடுவோம்" என்பார் சிலர். சோதித்துப் பார்த்து, நல்லதென்று கண்டால் வாங்கலாம். நம் நாட்டுப் பொருள் என்ற ஒன்றுக்காகவே வாங்குவதும் பெயர் மயக்கந்தான்.

நம் ஒலிபெருக்கியில் போனது ஒரேயொரு சிறு வால்வு. எண்ணறிந்து அதை மட்டும் மாற்றுவோம். மிஞ்சும் பணத்தில், சொந்தக் கிட்டார் இன்றிக் கதவோரம் நின்று கேட்கும் முதலாண்டு மாணவர்க்கு ஒரு கிட்டார் வாங்குவோம். வால்வின் மேலுள்ள பெயரைக் கேட்போர் எவரும் அறியார். அம்மாணவர் வாசிப்பதை எல்லோரும் கேட்பர்.