நோய்க்கு முன்னால் செய்தி போய்ச் சேரட்டும்

மும்பையில் மழை தொடங்கியதும் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) எச்சரிக்கையும் தொடங்கிவிடும். தேங்கிய தண்ணீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மாநகராட்சி ஆண்டுதோறும் அறிவிக்கிறது. ஆனால், முழங்கால் தண்ணீரில் நடந்து வேலைக்குப் போய்த் திரும்பும் வீட்டுவேலைப் பெண்ணுக்கு அந்த 72 மணி நேரக் கணக்கு தெரியாவிட்டால், மருந்தகத்தில் மாத்திரை இருந்தும் அவருக்கு இல்லைதான். நெருக்கடிக் காலத்தில் செய்தியும் சிகிச்சையின் ஒரு பகுதி. ஒவ்வொரு வார்டும் தன் பகுதி மக்கள் பேசும் மொழிகளில், அவர்கள் நம்பும் ஆட்களின் வழியாகச் செய்தி சேர்க்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே, நிதி ஒதுக்கிச் செய்து வைக்க வேண்டும்.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு, நெரிசல் மிகுந்த குடிசைப் பகுதியான தாராவியே சாட்சி. 2020 ஏப்ரல் 1 அன்று அங்கு முதல் கரோனா தொற்று உறுதியானது. வீட்டிலேயே இருங்கள், இடைவெளி விடுங்கள் என்று நாடே ஓதிக்கொண்டிருந்தது. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுக்கும் வீட்டில் எந்த மூலையில் இடைவெளி விடுவது? காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்காமல் எப்படி இருப்பது? அறிவுரையில் தவறில்லை; கேட்பவரின் வாழ்க்கைக்கு அது பொருந்தவில்லை.

நிலைமையை மாற்றியவர்கள் கல்லி கல்லியாக (சந்து சந்தாக) ஏறி இறங்கியவர்கள். அங்கேயே பல ஆண்டுகளாக கிளினிக் வைத்திருந்த தனியார் மருத்துவர்கள் காய்ச்சல் முகாம்களுக்கு வந்தார்கள். மாநகராட்சியின் சுகாதாரத் தன்னார்வலர்கள் வாசலில் நின்று விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தார்கள். தனிமைப்படுத்தும் மையத்தில் சாப்பாடும் மருத்துவரும் உண்டு என்று தெரிந்த முகங்களே சொன்னபோது, காய்ச்சலை மறைத்தவர்களும் முன்வந்தார்கள். ஜூலை 10 அன்று உலக சுகாதார அமைப்பின் தலைவர் டெட்ரோஸ் தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். டிசம்பர் 25 அன்று அங்கு ஒரு புதிய தொற்றுகூடப் பதிவாகவில்லை.

செய்தி சரியாகச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே நகரம் பார்த்தது. ஏப்ரல் 14 அன்று ஊரடங்கு நீட்டிக்கப்பட்ட சில மணி நேரத்தில், ரயில் விடப்போகிறார்கள் என்ற பேச்சை நம்பிப் புலம்பெயர் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பாந்த்ரா நிலையத்தின் முன் திரண்டார்கள். ஊருக்கு எப்போது போகலாம் என்ற கேள்விக்கு அவர்களுக்கு யாரும் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கவில்லை. அந்த வெற்றிடத்தை வதந்தி நிரப்பியது.

ஒரே அறிவிப்பை எல்லோருக்கும் ஒலிபரப்பினால் போதாது என்பதற்கு எண்களும் உண்டு. 2020 ஜூலையில் மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் ஆகிய மூன்று வார்டுகளில் நடந்த ரத்த ஆய்வில், குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேரிடமும் மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம் பேரிடமும் நோய் எதிர்ப்பொருள் இருந்தது. வார்டு ஒன்றுதான், நோய் வந்த வேகம் வேறு. செய்தி மட்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

மொழிக்கு வருவோம். 2021 மே மாதம் 18 வயது கடந்தவர்களுக்குத் தடுப்பூசி திறந்துவிடப்பட்டபோது, ஆங்கிலத்தில் இருந்த கோவின் தளத்தில் பதிவு செய்வது கட்டாயமாக இருந்தது. உச்ச நீதிமன்றமே இதைக் கேள்வி கேட்டது. ஜூனில் இந்தியும் வேறு சில மொழிகளும் சேர்க்கப்பட்டபோது தமிழ் விடுபட்டது. எதிர்ப்புக் குரல் எழுந்த பிறகே அது வந்தது. மும்பையில் இருப்பவர்களுக்கு இந்தி தெரியுமே என்பார்கள். காய்கறிக்கு விலை பேசும் இந்தி வேறு. எந்த மாத்திரையை எத்தனை நாள், கர்ப்பிணிக்கு அது ஆகுமா ஆகாதா என்று கேட்டுத் தெளியும் இந்தி வேறு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்து தாராவியிலேயே முதுமை கண்ட பாட்டியிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

மாநகராட்சிக்கு இது புதிய வேலையும் அல்ல. தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்தும் நிர்வாகம் இது. பிள்ளைக்குத் தமிழில் பாடம் சொல்ல முடிந்தவர்களால், தாய்க்குத் தமிழில் எச்சரிக்கை சொல்லவும் முடியும். 2025-26 பட்ஜெட் 74,000 கோடி ரூபாயைத் தாண்டியது; பணம் ஒரு சாக்காக முடியாது.

ஆனால் மொழிபெயர்த்த துண்டறிக்கையோடு கடமை முடிந்துவிடாது. 2022 இறுதியில் கோவண்டியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, தடுப்பூசி மீதான பயத்தைப் போக்க மதத் தலைவர்களின் உதவியை மாநகராட்சி நாட வேண்டியிருந்தது. நம்பிக்கையை நோய் வந்த பிறகு தேட ஆரம்பித்தால் காலம் கடந்துவிடும்.

மும்பையின் முலுண்ட் பகுதிக்கு இந்த நம்பிக்கைத் தேடல் நாளைய பிரச்சினை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்படுவோருக்கான வாடகை வீடுகளுக்காக, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் உப்பள நிலம் 255.9 ஏக்கரைப் பயன்படுத்த 2024 செப்டம்பரில் மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தத் திட்டம் சரியா தவறா என்பது தனி விவாதம். அப்படி மக்கள் இடம் மாறினால், 2020இல் அவர்களைக் காப்பாற்றிய மருத்துவரும் தன்னார்வலரும் கூடவே வரப்போவதில்லை. அந்த நம்பிக்கை வலையை முலுண்டின் டி (T) வார்டு முதலிலிருந்து பின்ன வேண்டியிருக்கும்.

எனவே மும்பைத் தமிழர்களாகிய நாம் கேட்பது இவை. ஒவ்வொரு வார்டிலும் எந்தக் கல்லியில் எந்த மொழி பேசப்படுகிறது என்ற பட்டியல் வேண்டும். சுகாதாரத் தன்னார்வலர்களை அந்தந்தப் பகுதியிலிருந்தே எடுத்து, மதிப்பூதியம் என்ற பெயரில் கையில் எதையோ திணிக்காமல், உரிய சம்பளம் தர வேண்டும். உதவி எண்ணில் தமிழில் பதில் சொல்ல ஆள் வேண்டும். வதந்தி கிளம்பிய அன்றே மறுப்பு வெளியாக வேண்டும்.

மும்பையின் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. ஓய்வுபெற்ற செவிலியர்களும் ஆசிரியர்களும் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். அவர்களின் பெயர்ப் பட்டியலைச் சங்கங்கள் வார்டு அலுவலகத்தில் கொடுக்கட்டும்; அலுவலகம் அவர்களுக்குப் பயிற்சி தரட்டும். அடுத்த மழைக்கு முன் இது நடந்தாக வேண்டும்.