உப்பிப்போகும் பெட்டியும் உளி பிடிக்காத கைகளும்

புதிதாகக் குடிபோகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலுக்கு சோபா வந்தாயிற்று, சமையலறைக்கு அலமாரி வந்தாயிற்று. கடைசியாகக் குளியலறை. வாஷ்பேசினுக்குக் கீழே குழாய்கள் அசிங்கமாகத் தெரிகின்றன, சோப்புத்தூளும் ஷாம்பூவும் வைக்க இடமில்லை. கடைக்குப் போகிறார்கள். வெள்ளை வெளேரென்று பளபளக்கும் ஒரு பெட்டி! கதவைத் திறந்தால் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. "வாட்டர் ப்ரூப் சார்" என்கிறார் விற்பனையாளர். வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டு மழைக்காலம் போனதும் அடிப்பலகை அப்பளம் மாதிரி உப்புகிறது. கீல் பிடித்திருந்த ஸ்க்ரூ கையோடு வருகிறது. கதவு ஒரு பக்கமாகத் தொங்குகிறது. அப்புறம் என்ன, பழைய பெட்டி குப்பைக்கு, புதிய பெட்டி கடையிலிருந்து.

இது விதி அல்ல, வியாபாரம். இதற்கு மாற்று இருக்கிறது. அரை ஷீட் பிளைவுட், ஒரு ரம்பம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

பளபளப்பைச் சுரண்டிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்டிஎஃப். மரச்சீவலையும் மரத்தூளையும் பசையில் குழைத்துச் சூட்டில் அழுத்தினால் அதுதான் பலகை. பெரும்பாலும் அந்தப் பசை யூரியா ஃபார்மால்டிஹைடு. ஈரம் பட்டால் இந்தப் பசை விட்டுக்கொடுக்கும், அழுத்தி வைத்த சீவல்கள் விரியும். விரிந்தது காய்ந்தாலும் பழையபடி சுருங்காது. மேலே ஒட்டிய மைக்கா உண்மையிலேயே தண்ணீர் தாங்கும், அதில் பொய்யில்லை. ஆனால் பெட்டியை மாட்ட வருகிறவர் குழாய்க்காக ஓர் ஓட்டை போடுகிறாரே, அந்த ஓட்டையின் விளிம்பு மூடப்படாத பச்சைப் பலகை! சாவு அங்கேதான் நுழைகிறது. கடையில் காட்டிய பெட்டியில் அந்த ஓட்டை இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

உத்தரவாத அட்டையையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். தண்ணீர் தேங்கினால் உத்தரவாதம் செல்லாது என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா? குளியலறைக்கென்று விற்கும் பொருளுக்குத் தண்ணீர் பட்டால் பொறுப்பில்லை என்றால், குடைக்கு மழை பட்டால் பொறுப்பில்லை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்றும் உண்டு. யூரியா பசை கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியே விடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 ஆம் ஆண்டில் அந்த வாயுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஒரு சின்னப் பெட்டியால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். ஆனால் புதுப் பெட்டியின் அந்த நெடியை 'புதுசு வாசனை' என்று ரசிப்பதையாவது நிறுத்தலாம்.

யாருடைய குளியலறை?

தரையில் நிற்கும் வேனிட்டி என்பதே தரை காய்ந்திருக்கும் குளியலறைக்காகப் பிறந்தது. தொட்டிக்குள்ளோ திரைக்குள்ளோ நின்று குளிக்கும் ஊர்களில் பேசின் பக்கம் ஈரம் அதிகம் வராது. தமிழ்நாட்டுக் குளியலறை அப்படியா? வாளி, மக், தலைக்கு ஊற்றினால் நாலு சுவரும் நனையும். அப்புறம் தென்னந்துடைப்பத்தால் தரையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இங்கே தரையில் ஒரு மரப்பெட்டியை நிறுத்துவது, கறையானுக்கும் தண்ணீருக்கும் சேர்த்துப் பந்தி விரிப்பது போல. அட்டவணைப் படத்தைப் பார்த்து வாங்குகிறவருக்கு இது தெரியாது. தன் வீட்டில் தானே அளவெடுக்கிறவருக்கு முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெட்டி சுவரில் தொங்க வேண்டும், அடியில் துடைப்பம் போக இடம் வேண்டும்.

எப்படிச் செய்வது?

பெரும்பாலான வீடுகளில் பேசின் ஏற்கெனவே சுவரில் பிராக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம். பேசினின் பாரத்தைச் சுவர் தாங்கட்டும், பெட்டி தன் பாரத்தை மட்டும் தாங்கினால் போதும். 24 அங்குல அகலம், 17 அங்குல ஆழம், 20 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கப் பலகை, ஓர் அடிப்பலகை, இரண்டு கதவு, முன்னும் பின்னுமாக நாலு குறுக்குச் சட்டம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 14 சதுர அடி. எட்டுக்கு நாலு ஷீட் என்பது 32 சதுர அடி. பார்த்து வெட்டினால் அரை ஷீட்டுக்குள் அடங்கிவிடும். முதுகுப்பலகை வேண்டாம், குழாய்க்கு வழியும் காற்றோட்டமும் அதனாலேயே கிடைக்கும்.

எந்த பிளைவுட்? இங்கேதான் ஏமாறுகிறார்கள். 'எம்ஆர்' என்று முத்திரை குத்தியது ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. கேட்டு வாங்க வேண்டியது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 710 என்ற எண்ணும் உள்ள பலகை. அதன் பசை ஃபீனால் ஃபார்மால்டிஹைடு. தண்ணீரில் 72 மணி நேரம் கொதிக்க வைத்தும் அடுக்குகள் பிரியக்கூடாது என்பது அந்தத் தரத்தின் சோதனை. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு வாங்கி வந்து பழைய பாத்திரத்தில் சில மணி நேரம் கொதிக்க விடுங்கள். எம்ஆர் துண்டு பெரும்பாலும் அதற்குள் வாயைப் பிளந்துவிடும். விற்பனையாளரின் வாயை விட அந்தத் துண்டின் வாய் உண்மை பேசும்.

நேராக வெட்டத் தயக்கமா? பலகைக் கடைகள் பலவற்றில் அளவு கொடுத்தால் வெட்டித் தருவார்கள். மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, முதலில் சின்ன ஓட்டை போட்டு, பசையும் ஸ்க்ரூவும் சேர்த்து இறுக்க வேண்டும். கீலும் ஸ்க்ரூவும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். இதில் மிச்சம் பிடித்தால் சிவப்புக் கறை வடியும்.

அதன்பிறகுதான் முக்கியமான வேலை. பிளைவுட்டின் வெட்டுமுகம் ஸ்ட்ரா கட்டு மாதிரி, தண்ணீரை உறிஞ்சும். ஆகவே மாட்டுவதற்கு முன்பே எல்லா விளிம்புக்கும், அடிப்புறத்துக்கும், சுவர்ப்பக்கத்துக்கும் எபாக்சியோ பியூ வார்னிஷோ மூன்று கை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கைக்கும் நடுவே காயவிட்டு 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முகத்தை மட்டும் பூசிவிட்டு, தெரியாத இடத்தை விடுவதுதான் கடைப் பெட்டியின் குணம். தேய்க்கும்போது மூக்கில் முகமூடி கட்டாயம், மரத்தூளும் அதே புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கிறது.

சுவரில் மாட்ட, ஒரு சட்டத்தை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக இரண்டாக அறுங்கள். ஒரு பாதி ரசமட்டம் வைத்துச் சுவரில், மறுபாதி பெட்டியின் பின்சட்டத்தில். ஒன்றின் மேல் ஒன்று கொக்கி போல உட்காரும். குழாய் ரிப்பேர் என்றால் பெட்டியைத் தூக்கிக் கழற்றிவிடலாம். இந்த வசதி எத்தனை கடைப் பெட்டியில் உண்டு?

"கணக்குக்கு ஒத்துவராதே!"

அப்படிச் சொல்கிறவர்கள் விலைச் சீட்டைப் பார்க்கிறார்கள், தேய்மானத்தைப் பார்ப்பதில்லை. உதாரணத்துக்கு, 6,000 ரூபாய்ப் பெட்டி மூன்று வருடம் உழைத்தால் நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு 2,000 ரூபாய். வீட்டில் 9,000 ரூபாய் செலவில் செய்தது பன்னிரண்டு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 750. எது விலை அதிகம்?

"அந்த நேரத்தில் சம்பாதிக்கலாமே, வாய்ப்புச் செலவு என்று ஒன்று இருக்கிறதே" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், ஞாயிற்றுக்கிழமை மதியம் உண்மையிலேயே சம்பாதிக்கிறவர் கேட்டால்! மெகாசீரியலும் மொபைலும் தின்னும் நேரத்துக்கு மணிக்கூலி போடுவது கணக்கியல் இல்லை, சாக்கு.

"ஆசாரி வேலையை நாம ஏன் செய்யணும்?"

இந்தக் கேள்வியில்தான் விஷம் இருக்கிறது. அதிலும் இரண்டு வகை. முதல் வகை, ஆசாரியின் பிழைப்பைக் கெடுக்கலாமா என்ற கரிசனம். ஆசாரியின் பிழைப்பைக் கெடுத்தது தொழிற்சாலைப் பெட்டி, ஞாயிற்றுக்கிழமை ரம்பம் பிடிக்கிறவர் அல்ல. ஒரு கதவைத் தானே பொருத்திப் பார்த்து, அது முக்கால் அங்குலம் கோணிப்போனவருக்குத்தான் ஆசாரியின் கூலி ஏன் அவ்வளவு என்று புரியும். அதற்கப்புறம் அவர் பேரம் பேச மாட்டார்.

இரண்டாவது வகை, வெளிப்படையாகச் சொல்லப்படாதது. படித்தவர் கையில் உளி எதற்கு? அந்த வேலைக்கென்று பிறந்தவர்கள் இருக்கிறார்களே! இதைக் கௌரவம் என்று அழைக்கிறார்கள். இதன் சரியான பெயர் சாதி.

உடனே ஒருவர் எழுந்து, "அப்படியானால் குலக்கல்விக்குப் போகச் சொல்கிறீர்களா?" என்பார். இல்லவே இல்லை. 1953 இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. தச்சர் பிள்ளைக்கு உளி, வக்கீல் பிள்ளைக்குப் புத்தகம் என்பதுதான் அதன் பொருள். மக்கள் எதிர்த்தார்கள். 1954 இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது, கைவிடப்பட வேண்டியதுதான். தவறு பிள்ளைகள் கைவேலை கற்பதில் இல்லை, யார் எதைக் கற்க வேண்டும் என்று பிறப்பு முடிவு செய்ததில் இருந்தது. பின்லாந்தில் 1866 ஆம் ஆண்டிலேயே மக்கள் பள்ளிகளில் ஆண் பிள்ளைகளுக்குக் கைவேலை கட்டாயப் பாடமானது. அங்கே அது எவருடைய குலத்தொழிலாகவும் அல்ல, எல்லோருக்குமான பாடமாக வந்தது. வக்கீல் வீட்டுப் பிள்ளையும் பேராசிரியர் வீட்டுப் பெண்ணும் இழைப்புளி பிடிக்கும் நாளில், குலக்கல்வியின் கடைசி வேரும் அறுபடும்.

முதல் பெட்டி கோணலாகத்தான் வரும். கதவிடுக்கு ஒரு பக்கம் அகலமாக இருக்கும். வருகிற விருந்தாளி பார்த்துச் சிரிக்கவும் கூடும். சிரிக்கட்டும். அவர் வீட்டுப் பெட்டியின் அடிப்பலகையை ஒருமுறை குனிந்து தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.