தென்காசியில் ஓட்டு குறைந்தும் திமுகவின் வித்தியாசம் எகிறியது எப்படி?

2019 மக்களவைத் தேர்தலில் தென்காசி தொகுதியில் திமுக வாங்கிய ஓட்டு 4,76,156. 2024-ல் 4,25,679. அதாவது 50 ஆயிரத்துக்கும் மேல் சரிவு. ஆனா ஜெயிச்ச வித்தியாசம்? 1,20,286-லிருந்து 1,96,199 ஆக எகிறியது.

காரணம், எதிரணி இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் அதிமுகவும் பாஜகவும் ஒரே கூட்டணி. 2023 செப்டம்பரில் அந்த உறவு முறிந்தது. 2024-ல் புதிய தமிழகம் தலைவர் கிருஷ்ணசாமி இரட்டை இலையில் நின்று 2,29,480 ஓட்டு வாங்கினார். தமிழக மக்கள் முன்னேற்றக் கழகத் தலைவர் ஜான் பாண்டியன் தாமரையில் நின்று 2,08,825 வாங்கினார். தனித் தொகுதியில் ஒரே சமூகத்து ஆதரவை நம்பிய இரண்டு தலைவர்கள், இரண்டு பெரிய கட்சிகளின் சின்னத்தில் மோதிக்கிட்டாங்க.

ரெண்டையும் கூட்டினா 4,38,305. ஜெயிச்ச ராணி ஸ்ரீகுமாரைவிட 12,626 அதிகம். 'சேர்ந்து நின்னிருந்தா அவங்கதான்' என்பது டீக்கடைக் கணக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா 2019-ல் சேர்ந்துதானே நின்னாங்க? அப்போ இதே கிருஷ்ணசாமிக்குக் கிடைத்தது 3,55,870. அமமுக தனியாக 92 ஆயிரம் ஓட்டைப் பிரித்தது. அதே அமமுக 2024-ல் பாஜக அணியில். கூட்டணி மாறும்போது வாக்காளரும் மாறுகிறார். இலைக்குப் போடுபவர் எல்லோரும் தாமரைக்குப் போட மாட்டார், தாமரைக்காரருக்கும் அப்படித்தான். பிடிக்காத கூட்டாளி வந்தால் சிலர் மூன்றாவது சின்னத்தைத் தேடுவார்கள், சிலர் பூத் பக்கமே வர மாட்டார்கள்.

'பாஜக வந்தால் சிறுபான்மையினர் ஓட்டு போய்விடும்' என்ற சூத்திரமும் எப்போதும் பலிப்பதில்லை. 2021-ல் பாஜகவோடு இருந்தபோதே கடையநல்லூரில் முஸ்லிம் லீக்கைத் தோற்கடித்தது அதிமுக.

அதே 2021-ல், குற்றாலத்தை உள்ளடக்கிய பக்கத்துத் தொகுதியான தென்காசியில் கதை வேறு. 2016-ல் பெரிய கூட்டணி இல்லாமலே அதிமுகவின் செல்வமோகன்தாஸ் பாண்டியன், காங்கிரஸின் பழனி நாடாரை 462 ஓட்டில் வென்றிருந்தார். 2021-ல் பாஜக, பாமக துணையோடு வந்து அவரிடமே 370 ஓட்டில் தோற்றார்.

2025 ஏப்ரலில் அதிமுகவும் பாஜகவும் மறுபடி கைகோத்தபோதும் பலர் முதலில் எடுத்தது 2024 கூட்டல் கணக்கைத்தான். தென்காசி மாதிரி தொகுதியில், கூட்டாளிக்கு ஓட்டு மாத்திப் போடாத ஒரு தெருவே போதும், அந்தக் கணக்கு தப்பாக.