சம்பளச் சீட்டில்லாத உழைப்பு

மாலை நேரத்தில் சுங்கை பீசி நெடுஞ்சாலை வழியே ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் திரும்பும் வாகனங்கள் நெருக்கியடித்து ஊர்கின்றன. முன்னால் செல்பவர் பிரேக்கை மிதிக்கும்போது பின்னால் வருபவர் ஒரு கணம் அசந்தால் போதும். நொறுங்கிய பம்பர் எல்லார் கண்ணிலும் படும். கழுத்துத் தசைநாரில் விழுந்த அடியோ பல வேளைகளில் மறுநாள்தான் தலைகாட்டுகிறது.

மலேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்தாக வேண்டும். வலி தெரியாத அவ்வேளையில், "எனக்குக் காயமில்லை" என்று மலாயில் ஒற்றை வரி எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார் நம்மவர். பின்னாளில் செஷன்ஸ் நீதிமன்றத்தில் காப்புறுதி நிறுவனத்தின் வழக்குரைஞர் கையில் எடுப்பது அந்த வரியைத்தான். வலி தொடங்கிய அன்றே மருத்துவரைக் கண்டு, கூடுதல் புகாரும் பதிந்தவர்க்கு இந்த இக்கட்டு இல்லை.

பின்னால் வந்து மோதியவர் மீதே பிழை என்பது பெரும்பாலும் எளிதில் நிறுவப்படும். உண்மையான போராட்டம் தொகையைப் பற்றியது. அங்கேதான் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவு குறுக்கே நிற்கிறது.

எதிர்கால வருமான இழப்புக்கு ஈடு கோருபவர், விபத்துக்கு முன் தம் உழைப்பால் வருமானம் ஈட்டி வந்ததை மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்துவிட்டால் கணக்கு நேரானது. 30 வயது வரை 16 ஆண்டுகள். 31 முதல் 59 வரை, 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுத்த ஆண்டுகள். நாற்பது வயதில், வாழ்க்கைச் செலவு போக மாதம் 1,500 ரிங்கிட் வருமானத்தை இழந்த தொழிலாளிக்குப் பத்தாண்டுக் கணக்கில் 180,000 ரிங்கிட். அதே காரில் அருகிலிருந்து காயமுற்ற மனைவி, கூலியின்றி வீட்டையும் பிள்ளைகளையும் தாங்கியவர், இத்தலைப்பில் பெறுவது ஒன்றுமில்லை. வலிக்கும் மருத்துவத்துக்கும் ஈடு உண்டு. வருமான இழப்பு என்று வந்தால் சட்டம் கைவிரித்துவிடுகிறது. வேலைக்குச் சேராத பல்கலைக்கழக மாணவனின் நிலையும் இதுவே. அறுபதைக் கடந்தும் லோரி ஓட்டிக் குடும்பம் காப்பவருக்கோ கதவே அடைபட்டிருக்கிறது. பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் கடை போடுபவருக்கும் நாள்கூலிக்காரருக்கும் வருமானம் உண்டு, அதைக் காட்டத் தாள் இல்லை. ஊழியர் சேமநிதிப் பதிவும் வங்கிக் கணக்கும் இல்லாதவரின் சொல் நீதிமன்றத்தில் எளிதில் எடுபடுவதில்லை.

இந்தத் தவிப்பில் பிழைக்கிறார்கள் தரகர்கள். இழுவை லோரியோடு வந்து நிற்பவர், மருத்துவமனை வாசலில் அனுதாபம் பேசுபவர், வென்றால் இத்தனை விழுக்காடு என்று தாளை நீட்டுபவர். வழக்குரைஞர் வெற்றித்தொகையில் பங்கு பேசுவதை 1976ஆம் ஆண்டு வழக்குரைஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. தீபகற்பத்தில் காயத்துக்கு வழக்குத் தொடர ஆறாண்டு அவகாசம் உண்டு. மோதியது அரசு வாகனமென்றால் மூன்றாண்டு. வெற்றுத்தாளில் கையெழுத்திடும் அளவுக்கு எவருக்கும் அவசரமில்லை.

2019இல் நாடாளுமன்றம் சிவில் சட்டத்தைத் திருத்தி, 55 என்றிருந்த வயது வரம்பை 60 ஆக்கியது. குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்பது 2013இலேயே நடப்புக்கு வந்திருந்தது. ஆறாண்டு பிந்தி வந்தாலும் அத்திருத்தத்தை வரவேற்றோம். ஆனால் ஊதியமில்லாதவர் நிலையை அது தொடவேயில்லை. மூன்றாண்டு கழித்து அதே நாடாளுமன்றம் இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில் பெர்கேசோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பை அளித்தது. வீட்டு வேலையும் வேலையே என அரசு ஏற்றுக்கொண்ட பின், விபத்து வழக்கில் மட்டும் அவ்வுழைப்பைச் சுழியமென்று மதிப்பது எவ்வகை நீதி? இந்திய உச்ச நீதிமன்றமோ 2021 ஜனவரியில், சாலை விபத்து வழக்கொன்றில், இல்லத்தரசியின் உழைப்புக்கு ஒரு வருமானத்தைக் கணித்தே ஈடு வழங்க வேண்டும் என வலியுறுத்தியது.

நம் நாட்டில் அளவுகோலைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியம் சட்டத்திலேயே இருக்கிறது. வருமானச் சான்று இல்லாத இல்லத்தரசிக்கும் மாணவருக்கும் நாள்கூலிக்காரருக்கும் அத்தொகையை அடிப்படையாகக் கொள்ள 28ஏ பிரிவு மீண்டும் திருத்தப்பட வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதனை எழுப்ப வேண்டும் எனக் கோருகிறோம்.