சேலைன் இரத்தமில்லை

"சேலைன் ஏத்தியாச்சு, இனிப் பயமில்லை." விபத்து நடந்த இரவுகளில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஆக்களிடம் இந்த வசனத்தை நாங்கள் எல்லாரும் கேட்டிருப்பம். போத்தல் தொங்கினால் வைத்தியம் நடக்குது, தொங்காட்டி டொக்டர் கவனிக்கேல்லை. இரண்டாவது போத்தல் இன்னும் ஏன் போடேல்லை எண்டு தாதியோட சண்டை பிடிக்கிற அண்ணாமாரும் இருக்கினம். இந்த நம்பிக்கை ஆபத்தானது.

சேலைன் எண்டது 0.9 வீத உப்புத் தண்ணி. ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்த செங்குழியமும் அதில் இல்லை, குருதிச் சிறுதட்டும் இல்லை. ஒட்சிசனைக் காவாது, இரத்தத்தை உறையவும் வைக்காது. லீற்றர் கணக்கில் ஏற்றினால் உடம்பில் மிஞ்சியிருக்கிற இரத்தமும் ஐதாகும். குளிர்ந்த திரவம் உடலையும் குளிராக்கும்; குளிர்ந்த உடலில் இரத்தம் ஒழுங்காக உறையாது. அழுத்தம் திடீரென ஏறினால், அரைகுறையாக அடைபட்ட காயம் திரும்பவும் திறக்கலாம்.

இது நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. இரத்தப்போக்கை நிறுத்த ஆயத்தமாக முதல் அழுத்தத்தை ஏற்றாதீர்கள் என்று வோல்டர் கனன் 1918இலேயே எச்சரித்தார். ஹூஸ்டனில் நடத்தி 1994இல் வெளியான ஆய்வில், உடற்பகுதியில் வெடிபட்டோ கத்திக்குத்துப்பட்டோ வந்தவர்களில், சத்திரசிகிச்சை வரை திரவத்தைத் தாமதித்தவர்களில் 70 வீதமானோர் பிழைத்தார்கள். உடனே ஏற்றப்பட்டவர்களில் 62 வீதம்.

அப்ப ஒண்டும் ஏத்தாமல் விடுறதோ? இல்லை. தலையில் அடிபட்டவருக்கு அழுத்தம் விழ விடேலாது, மூளை தாங்காது. மற்றவர்களுக்கும் இரத்தம் வந்துசேரும் வரைக்கும் கொஞ்சம் தேவைப்படலாம். அப்போதும் எந்தப் போத்தல் என்ற கேள்வி இருக்கு. சேலைனில் லீற்றருக்கு 154 மில்லிமோல் குளோரைட்டு. எங்கட இரத்தத்தில் அது 100 அளவில்தான். அதிகம் ஏற்றினால் இரத்தத்தின் அமிலத்தன்மை கூடும். ஹாட்மன் கரைசல் இரத்தத்துக்குக் கொஞ்சம் கிட்ட நிற்கும். ஆனாலும் அதுவும் தண்ணிதான்.

விலை கூடின போத்தலை நம்பின கதையும் இருக்கு. மாப்பொருளிலிருந்து செய்த ஹெட்டாஸ்டார்ச் போன்ற திரவங்களை ஒரு காலம் மருத்துவ உலகம் தலையில் வைத்துக் கொண்டாடியது. அவற்றுக்காக எழுதிக் குவித்த ஜேர்மன் மயக்கமருந்து நிபுணர் யோக்கிம் போல்ட்டின் 80க்கும் மேற்பட்ட கட்டுரைகள் 2011இல் மீளப்பெறப்பட்டன. சிறுநீரகப் பாதிப்பும் கூடுதல் மரணங்களும் பெரிய ஆய்வுகளில் தெரியவந்தன; 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் சந்தை அனுமதியை நிறுத்திவைத்தது. மறுபக்கம், ட்ரனெக்சாமிக் அசிட் எண்ட மலிவான பழைய மருந்து. காயப்பட்டு 3 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கால் வரும் மரணத்தைக் குறைக்கும் என்பதை, 20,000க்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைப்பற்றி வாசலில் ஆரும் கதைக்கிறதில்லை. போத்தல் மாதிரி அது கண்ணுக்குத் தெரியாதே!

ஆக, கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை போத்தல்?" இல்லை. இரத்தப்போக்கு நிண்டுட்டுதா, இரத்தம் இருக்கா? இரத்தத்தை எந்தத் தொழிற்சாலையும் செய்யேலாது, ஆராவது கையை நீட்டித்தான் வரவேணும். குருதிச் சிறுதட்டுகளை வழமையாக 5 நாளளவில்தான் வைத்திருக்கலாம். எங்கட கழகங்களோ இரத்ததான முகாம் வைக்கிறது வருஷத்துக்கு ஒருக்கா, ஆண்டுவிழாவுக்கு, பனர் கட்டி.