திருக்கிண்ணத்துக் கிருமி

தொற்று நோய்க்கு ஜாதி, மதம், கோவில், சர்ச்சு என்கிற வித்தியாசம் கிடையாது. ஆனால் திராட்சரசத்திற்கு மாத்திரம் அது பயந்து ஓடிவிடும் என்பதாகச் சிலர் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், கொரோனா ஐரோப்பாவெங்கும் பரவிக்கொண்டிருந்த சமயம், கிரீஸ் தேசத்துச் சபையின் மேற்றிராணிமார் கூடி, திருவிருந்தின் மூலம் நோய் தொற்றவே தொற்றாது என்று அறிக்கை விட்டார்கள். அங்கு அப்பத்தையும் ரசத்தையும் ஒரே கிண்ணத்தில் கலந்து, ஒரே கரண்டியால் வரிசையாக எல்லார் வாயிலும் ஊட்டுவது வழக்கம். அதே மாதத்தில் இங்கிலாந்து தேசத்துச் சபையோ பொதுக் கிண்ணத்தை நிறுத்தி, அப்பம் மட்டும் போதும் என்றது. கிறிஸ்து ஒருவர், ரசம் ஒன்று. லண்டனில் தொற்றும் கிருமி ஏதென்ஸில் மாத்திரம் தொற்றாதா? எந்தப் பாதிரியாராவது இதற்குச் சமாதானம் சொல்லுவாரா? கடைசியில், கிரீஸ் அரசாங்கமே தலையிட்டு வழிபாட்டை நிறுத்தும்படியாயிற்று.

வேறு சிலர் மதத்தை விட்டுவிட்டு விஞ்ஞானம் பேசுகிறார்கள். ரசத்தில் சாராயச் சத்து இருக்கிறதாம், அது கிருமியைக் கொன்றுவிடுமாம்! கையில் தடவும் கிருமிநாசினிக்கே நூற்றுக்கு 60 பங்குச் சாராயமாவது வேண்டும். திராட்சரசத்தில் இருப்பதோ சுமார் 12, 14 பங்கு. வாந்திபேதி உண்டாக்கும் நோரோ வைரசு அந்தக் கிருமிநாசினிக்கே சரியாக மசிவதில்லை. சாராயம் குடித்தால் கொரோனா போகும் என்ற புரளியை நம்பி, மது விலக்குள்ள ஈரான் தேசத்தில் 2020-ல் மெதனால் கலந்த சரக்கைக் குடித்து நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். பலர் கண்ணை இழந்தார்கள். தினம் ஒரு கிண்ணம் ரசம் இருதயத்திற்கு நல்லது என்ற பேச்சும் பழங்கதையாகிவிட்டது. எந்த அளவு மதுவும் பத்திரமல்ல என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் சொல்லிவிட்டது.

இந்து மதத் தோழர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். 2020 ஜூன் மாதம் கோவில்களைத் திறக்க விட்டபோது, பிரசாதம் கொடுக்காதே, தீர்த்தம் தெளிக்காதே என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. எந்தச் சாமியும் ஆட்சேபிக்கவில்லை.

வயது வந்தவர்கள் நம்பிக் குடிப்பது அவர்கள் பாடு. ஆனால் கிரேக்க சபையில் கைக்குழந்தைக்கும் அதே கரண்டிதான். முன்னால் நின்ற பத்துப்பேருடைய எச்சில் பட்ட கரண்டியை வேண்டாம் என்று சொல்ல அதற்கு வாயுண்டா? ஆளுக்கொரு கரண்டி வைத்தால் எந்தக் கடவுளுக்கு என்ன குறைந்துவிடும்?