ஓகே குடுத்துட்டோம்

அரசாங்கக் காகிதம் விஷயத்தில் நொச்சிக்குப்பத்துக்காரர்களை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. 1985இல் மெரினாவை அழகாக்கப் போகிறோம் என்று எங்கள் கரையிலிருந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். விவகாரம் அந்த டிசம்பரில் துப்பாக்கிச் சூட்டில் போய் நின்றது. அன்று பிடித்த பழக்கம், முத்திரை போட்ட எந்தத் தாளையும் சந்தேகத்தோடு பார்ப்பது. கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தை விரித்தால் எந்தக் குப்பம் விட்டுப்போயிருக்கிறது, படகு ஏற்றும் மணலை யாருடைய நிலமாகக் காட்டியிருக்கிறார்கள் என்று விரல் வைத்துச் சொல்லும் பெரியவர்கள் இங்கே உண்டு. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டு மீன்கடைகளை மாநகராட்சி அகற்றியபோது, உயர் நீதிமன்றம் உண்மையில் என்ன சொன்னது, அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்று டீக்கடையில் ஆளாளுக்கு வாதாடினார்கள். பாதிப் பேர் வக்கீல்கள்தான், கோட்டு மட்டும் இல்லை.

இத்தனை விவரமான ஊரில், போனில் வந்த எதையும் நாங்கள் படிக்கவில்லை. நாங்கள் என்றால் ராணி மேரி கல்லூரிக்கும் நந்தனம் கலைக் கல்லூரிக்கும் போய்வந்த பிள்ளைகள். அம்மாக்களுக்கு, அத்தைகளுக்கு, சித்திகளுக்கு ஆப் போட்டுக் கொடுத்தவர்கள்.

2024 ஆகஸ்டில் திறந்த புது மார்க்கெட்டில் போய்ப் பாருங்கள். மீன் வெட்டும் கட்டைக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை இருக்கும். அதன் பிளாஸ்டிக் உறையில் செதில் காய்ந்து ஒட்டியிருக்கும். பணம் விழுந்ததும் தொகையைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் பொருத்திய அன்று, "இன்னாடா கேக்குது இது?" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அம்மா கேட்டது. "ஒண்ணுமில்லம்மா, ஓகே குடு" என்றோம். திரையில் ஆங்கிலம் மேலேறிக்கொண்டே போனது. கட்டைவிரலால் ஒரே தள்ளாகக் கடைசிக்குத் தள்ளினோம். பெட்டிக்கு மாத வாடகை உண்டு என்பது அதற்குள் எங்கேயோ இருந்தது. பிறகு கணக்கில் பணம் குறைந்தபோது, "பேங்க்ல எதுனா பிடிச்சிருப்பான்" என்று அதற்கும் ஒரு பதிலை எங்களாலேயே சொல்ல முடிந்தது.

வாடகை சின்ன விஷயம். கடன் ஆப் அப்படியில்லை.

எங்கள் பெண்களுக்கு வட்டி புதிதல்ல. எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்துவிட்டுப் பத்தாயிரம் என்று எழுதி, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் வாங்கும் தண்டல்காரரிடம், புயல் வந்து கடலுக்குப் போகாத நாளில் தவணை உண்டா இல்லையா என்பது வரை முதலிலேயே பேசி முடித்துவிடுகிற அத்தைகள் இருக்கிறார்கள். ஆப்பும் முன்கூட்டியே கட்டணம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் போட்டது. ஆனால் அதனிடம் பேசியது அத்தை அல்ல, நாங்கள். தொடர்பு எண்களைப் பார்க்கலாமா என்று கேட்டது, சரி என்றோம். போட்டோக்களைப் பார்க்கலாமா என்றது, அதற்கும் சரி.

மீன் விற்கிறவளின் போனில் இருக்கும் எண்கள் யாருடையவை? காசிமேட்டில் விடிகாலை ஏலம் விடுகிறவர், ஐஸ் கடைக்காரர், மந்தைவெளியிலும் சாந்தோமிலும் வாடிக்கையாக வாங்கும் வீடுகள், சங்கத் தலைவர். கையில் காசில்லாத நாளில் ஒரு கூடை சங்கராவைக் கடனுக்குத் தூக்கிக்கொண்டு வர முடிவது அந்த ஏலக்காரர் வைத்திருக்கும் நம்பிக்கையால்தான். தவணை தள்ளிப்போன வீடுகளில் வசூல்காரர்கள் முதலில் கூப்பிட்டது அவரைத்தான். வட்டியை எப்படியாவது கட்டி முடித்துவிடலாம், கூடை நின்றுபோனால் என்ன செய்வது? அவளுடைய முதலையே ஒரு தட்டலில் எடுத்துக் கொடுத்திருந்தோம்.

இதில் எங்களை மிகவும் உறுத்துவது, தடுக்கச் சட்டம் இருந்தது என்பது. கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. மொத்தச் செலவையும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்று ஒரு விவரத் தாளில் காட்ட வேண்டும். வேண்டாமென்று பட்டால் குறித்த நாட்களுக்குள் அசலையும் அதுவரைக்கான செலவையும் கட்டிவிட்டு அபராதமில்லாமல் விலகலாம் என்றது. 2024 அக்டோபரிலிருந்து அந்தத் தாள் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருந்தாக வேண்டும். தமிழில் கொடு என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. இந்த விதியைக் கடைப்பிடிக்காத ஆப் எது என்று பார்த்திருந்தாலே, அது யோக்கியமில்லாத இடம் என்று தெரிந்திருக்கும்.

யாரால் படிக்க முடியும் என்பது எங்களுடைய வழக்கமான சாக்கு. பாதி நியாயம்தான். ஒரு சாதாரண அமெரிக்கர் தான் போகும் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளையெல்லாம் படித்தால் ஆண்டுக்குச் சுமார் 200 மணி நேரம் போகும் என்று கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் கணக்குப் போட்டார்கள். ஆனால் அத்தையின் கடனுக்கு அத்தனை மணி நேரம் தேவைப்பட்டிருக்காது. அனுமதி கேட்கும் திரைகள் இரண்டு மூன்று, விவரத் தாள் ஒன்று. ஒரு ரீல்ஸ் பார்க்கும் நேரம்.

பொடி எழுத்துக்கு இந்த ஊர் நீதிமன்றம் பழக்கப்பட்டதுதான். 1966இல் வெளியான சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. சலவைக்குப் போட்ட புதுப் புடவை தொலைந்துபோனது. துணி தொலைந்தால் விலையில் 15 சதவீதம்தான் தருவோம் என்று ரசீதில் அச்சடித்திருந்ததைக் கடைக்காரர் காட்டினார். அந்த நிபந்தனை பொதுநலனுக்கு எதிரானது, செல்லாது என்றது நீதிமன்றம். படிக்காமல் விட்டவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று நாங்கள் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அங்கே நீதிபதி முன் வைக்க ஒரு ரசீது இருந்தது. எங்கள் போனில் அதுவும் இல்லை. எதற்குச் சம்மதித்தோம் என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தவர் எவருமில்லை. கெட்ட கோபத்தில் ஆப்பையே அழித்தவர்கள்தான் அதிகம், கடைசிச் சாட்சியும் அதோடு போனது.

2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் எதிலும் பார்க்கும் வசதி தரச் சொல்கிறது. தமிழும் அதில் ஒன்று. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். சங்கக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோர் போனையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்துத்தான் போனோம். கூட்டம் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தில் ஆரம்பித்தது. எட்டாயிரம் ரூபாய் யாருக்கு வரவில்லை, எந்த நிபந்தனையில் யாரைக் கழித்தார்கள் என்று அரசாணை எண்ணோடு இரண்டு மணி நேரம் நடந்தது. எங்கள் பொருள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. ஆட்சேபம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நாங்களும் ஓகே சொல்லிவிட்டு வந்தோம்.